பானைக்குள்ள யாரு பேரு?

சொந்த ஊர் உத்திரமேரூர்னு சொன்னா ஆபீஸ்ல அடுத்த கேள்வி தயாரா இருக்கும்: "ஓ... அந்த எலெக்‌ஷன் கல்வெட்டு ஊரா?" ஆமாங்க, அந்த ஊருதான். சரியாச் சொல்லணும்னா எங்க கிராமம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஆனா ஓ.எம்.ஆர். ரோட்டுல உக்காந்துகிட்டு அந்தக் கிராமத்துப் பேரைச் சொன்னா யாருக்குத் தெரியும்? அதனால உத்திரமேரூர்.

அந்தக் கல்வெட்டைப் பத்திப் பேச்சு வந்தாலே "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தவங்க நாம"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கும் பெருமைதான், மறுக்கல. ஆனா பெருமைப்படுறவங்கள்ல எத்தனை பேரு அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருப்பாங்கன்னு தெரியல. கொஞ்சம் பொறுமையா பார்ப்போம், ஏன்னா இந்தப் பதிவு முழுக்க அந்தச் சுவத்துல இருக்கிற ரெண்டே ரெண்டு ஷரத்தைப் பத்தினதுதான்.

கல்வெட்டு இருக்கிறது வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, அதாவது கி.பி. 919, 921. முதல் தடவை போட்ட விதிகளில் ஏதோ சரியா வரலை போல, ரெண்டு வருஷத்துலயே திருத்தி, இன்னும் கறாரா ரெண்டாவது வெர்ஷன் வெளியிட்டிருக்காங்க. (நம்ம தொழிலில் இது சகஜம் :-) ) ரெண்டு தடவையும் அரசனுடைய ஆணையோடு ஒரு அதிகாரி வந்து கூட இருக்கிறார். ஊர் சபையே தனியா உக்காந்து முடிவு பண்ணிச்சுங்கிறது பாதி உண்மைதான்.

முதல்ல ஒண்ணு. இது "ஓட்டுப் போடுற" முறை இல்லை. குலுக்கல். ஊர் முப்பது குடும்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, இப்போதைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஆளுக்கொரு ஓலையில் எழுதி, அந்தக் குடும்பின் பெயரை எழுதின வாயோலையோடு கட்டாகக் கட்டி, முப்பது கட்டையும் பானைக்குள் போடுவார்கள். சபை கூடணும். சின்னவன் பெரியவன் எல்லாரும் வரணும். அன்றைக்கு ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாமல் வந்தாகணும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று பானையை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு பானையில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரு ஓலை. அதை மத்யஸ்தன் வாங்குவார். எப்படி வாங்கணும்? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்! கையில் ஏற்கனவே ஒரு ஓலையை ஒளித்து வைத்து மாத்திடக்கூடாது, அதுக்குத்தான். அப்புறம் அவர் வாசிக்க, அங்கிருக்கிற நம்பிமார் எல்லாரும் வாசிக்க, பெயர் உறுதி ஆகும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒண்ணுதான் தோணும். இவ்வளவு தூரம் யோசிச்சு ஓட்டைகளை அடைச்சிருக்காங்கன்னா, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டை வழியாவும் எவனோ ஒருத்தன் புகுந்து வந்திருக்கான்!

இப்படித் தேர்ந்தெடுத்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். வைரமேக தடாகம் என்று அன்றைக்குப் பெயர் வைத்த ஏரிதான் இன்றைக்கும் உத்திரமேரூர் ஏரி. வாரியம் போயிடுச்சு, ஏரி இருக்கு.

சரி, அந்த ரெண்டு ஷரத்துக்கு வருவோம்.

ஒண்ணு: பானைக்குள் யாருடைய ஓலை போகலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கணும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கணும். வயசு 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்கணும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் என்றால் அரைக்கால் வேலி போதும், சலுகை. இது பல்லவர் காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம் என்பதை நினைவில் வையுங்கள். ஏரியில் தூர் வாரினவன், வயலில் நாத்து நட்டவள் பெயரெல்லாம் பானைப் பக்கம் கூட வராது. எங்க அப்பா வழி முன்னோர்கள் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்திருந்தால் நிச்சயம் சேத்துக்குள்ளதான் நின்னிருப்பாங்க.

ரெண்டு: யாருடைய ஓலை போகக்கூடாது? நீளமான பட்டியல். அதில் முதலில் வருவதே, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன். அவன் மட்டும் இல்லை. அவனோட சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், அப்பா, மகன், மாமனார், மச்சினன், மருமகன், உடன்பிறந்தவள் புருஷன்... உறவுமுறை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் கணக்குக் காட்டலைன்னா குடும்பமே வெளிய!

முதல் ஷரத்து இல்லாதவனை வெளியே நிறுத்துகிறது. ரெண்டாவது ஷரத்து இருக்கிறவனைக் கேள்வி கேட்கிறது. இதைச் சின்ன வயசுலேர்ந்து படிச்சிருக்கேன், ஸ்கூல்ல கட்டுரை கூட எழுதியிருக்கேன். ஆனா எனக்கு உறைச்சது 2022 ஆகஸ்ட் மாசம். அந்த மாசத்தோட முதல் பாதியில ரெண்டு நாட்டுல இருந்தேன். ஒரு நாட்டில் 75ஆவது வருஷக் கொண்டாட்டம். இன்னொரு நாட்டில் ஜனாதிபதியை ஜனங்க ஓட விட்டு மூணு வாரம் கூட ஆகலை. ரெண்டுமே எங்க வீட்டுக்குச் சொந்த நாடுதான்.

எப்படின்னு கேட்டா, எங்க அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1977இல், ஒன்பது வயசில், தாத்தா பாட்டியோடு தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினவங்க. ஹட்டனில் ஏறின ரயிலை அம்மா இன்னைக்கும் "அழுகைக் கோச்சி"ன்னுதான் சொல்வாங்க. ஏறினவங்களும் அழுதாங்களாம், பிளாட்பாரத்துல நின்னவங்களும் அழுதாங்களாம். நின்னவங்கள்ல ஒருத்தர் எங்க பெரிய மாமா. அம்மாவோட மூத்த அண்ணன். அப்ப அவருக்கு இருபத்தி சொச்சம் வயசு, கல்யாணம் ஆகி, மாமியார் வீட்டோட சேர்ந்து இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனு போட்டிருந்தார். தாத்தாவோட மனு இந்தியாவுக்கு. ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் சாப்பிட்ட குடும்பம் காகிதத்தில் ரெண்டு நாடாகிப் போச்சு.

இந்தக் காகிதம் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, கதை ஒரு கொண்டாட்டத்தில்தான் ஆரம்பிக்குது.

இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமை 1931இலேயே வந்துவிட்டது. டொனமூர் அரசியல் திட்டம். இந்தியாவுக்கு அது கிடைக்க அதற்கப்புறம் இருபது வருஷம் ஆனது. ஆனால் தோட்டத் தமிழர்களுக்கு அதிலும் ஒரு முட்டுக்கட்டை: நிரந்தரமாகக் குடியிருக்கிறவர் என்று காட்டணும், இல்லையென்றால் சொத்தோ படிப்போ இருக்கணும். (கால் வேலி ஞாபகம் வருதா?) அப்படியும் கணிசமான பேர் ஓட்டுரிமை வாங்கினார்கள். 1947 பொதுத் தேர்தலில் மலைநாட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல இடங்களில் ஜெயித்தது. நுவரெலியாவில் ஜெயித்தவர் சௌமியமூர்த்தி தொண்டமான். மற்ற சில தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகள் ஜெயிக்கக் கை கொடுத்தது. டி.எஸ். சேனநாயக்கவின் கட்சிக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

1948 பிப்ரவரி 4, சுதந்திரம். கொடியேற்றம், அணிவகுப்பு, பிரிட்டிஷ் அரச குடும்பத்து விருந்தாளி எல்லாம் உண்டு. அதே வருஷம், கொண்டாட்டத்தின் தோரணம் கூட வாடியிருக்காது, பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்கணும், அல்லது அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்கணும். அதற்கு ஆதாரம் காட்டணும். தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கி வைக்கிற வழக்கம் யாருக்கு இருந்தது? மூணு தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து, அதே மண்ணில் புதைந்தவர்களின் பிள்ளைகள் ஒரே நாளில் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்கள். அடுத்த வருஷமே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார்கள். பதிவு செய்து பிரஜாவுரிமை பெறலாம் என்று 1949இல் இன்னொரு சட்டம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனு போட்டதில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1952இல் சத்தியாக்கிரகம் எல்லாம் நடத்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1947இல் பானைக்குள் இருந்த ஓலைகளை 1949இல் எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் 1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கணும், மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த "அப்புறம்" 1974இல் வந்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள். அரிசி மூட்டையைப் பிரிக்கிற மாதிரி! சம்பந்தப்பட்ட பத்து லட்சம் பேரில் ஒருத்தரையும் கேட்கவில்லை. இலங்கையிலேயே இருக்கிறோம் என்று மனு போட்டவர்கள் இலங்கைக்கு ஒதுக்கின எண்ணிக்கையைத் தாண்டிப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த மனுக்களை வைத்து இரண்டு அரசாங்கமும் பல வருஷம் இழுத்தடித்தன. இடையில் எங்க தாத்தா மாதிரி ஆட்கள் ஏன் இந்தியாவுக்கு எழுதினார்கள் என்றால்... அம்மா சொல்வது: "அங்க சோத்துக்கு வழியில்ல தம்பி." எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் இருந்த பஞ்சத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

2022க்கு வருகிறேன். பெரிய மாமாவுக்கு இதய நோய். அந்த வருஷம் இலங்கையில் மருந்துக்குத் திண்டாட்டம். ஏப்ரல் 12ஆம் தேதியே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. டாலர் இல்லை, அதனால் டீசல் இல்லை, கேஸ் இல்லை, மாத்திரை இல்லை. "நானே கொண்டு போய்க் கொடுத்தாத்தான் ஆச்சு"ன்னு அம்மா நின்னுட்டாங்க. 45 வருஷம் கழிச்சு முதல் தடவை போறாங்க, அதுவும் இந்த நேரத்துல! ஆகஸ்ட் முதல் வாரம் சென்னையிலிருந்து கொழும்புக்கு ரெண்டு டிக்கெட் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கூட இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதிகாரி அம்மாவோட பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தியப் பாஸ்போர்ட், பிறந்த இடம் ஹட்டன். நிமிர்ந்து சிரிச்சுட்டு, தமிழ்லயே "எத்தனை வருஷம்?"னு கேட்டார். அம்மாவுக்குப் பதில் வரலை, கண்ணுல தண்ணிதான் வந்தது.

அன்று சாயங்காலம் காலிமுகத்திடலுக்கு நான் மட்டும் நடந்து போனேன். கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஏப்ரல் 9ஆம் தேதி இளைஞர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்த இடம், "கோட்டா கோ கம". மே 9இல் மஹிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டார். ஜூலை 9இல் கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. நீச்சல் குளத்தில் பையன்கள் குதித்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. 13ஆம் தேதி கோட்டாபய மாலத்தீவுக்குப் பறந்து, அங்கிருந்து சிங்கப்பூர் போய், 14ஆம் தேதி மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பினார். நான் போனபோது கூடாரங்கள் பாதிக்கு மேல் காலி. ஜூலை 22 விடியற்காலையில் ராணுவம் புகுந்து அடித்துத் துரத்தினதுக்கு அப்புறம் மிச்சம் இருந்தவர்கள்தான். ஆகஸ்ட் 10ஆம் தேதி அவர்களும் காலி பண்ணிவிட்டுப் போனார்கள்.

அங்கே ஒரு பையன், என் வயசுதான் இருக்கும், களனிப் பக்கத்துச் சிங்களப் பையன், அவனும் நம்ம தொழில். அரைகுறை இங்கிலீஷில் ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தோம். அவன் வருத்தமே வேற: "நாங்க ஒருத்தரைத் துரத்தினோம். அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது நாங்க இல்லை." உண்மைதான். ஜூலை 20ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஓட்டெடுப்பு, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 ஓட்டு. அரசியலமைப்புப்படி சரி. ஆனால் வெளியே நின்ற லட்சக்கணக்கான பேரில் ஒருத்தர் ஓலையும் அந்தப் பானையில் இல்லை. அவனிடம் எங்க ஊர்க் கல்வெட்டைப் பத்திச் சொன்னேன். கணக்குக் காட்டாதவன் சொந்தக்காரனும் நிக்க முடியாதுங்கிற ஷரத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரிச்சான்.

ஏன் சிரிச்சான்னு இலங்கை நிலவரம் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். நெருக்கடி முத்தின நேரத்தில் ஜனாதிபதி கோட்டாபய, பிரதமர் அண்ணன் மஹிந்த, நிதி அமைச்சர் தம்பி பசில், நீர்ப்பாசன அமைச்சர் மூத்த அண்ணன் சமல், விளையாட்டு அமைச்சர் மஹிந்தவின் மகன் நாமல். பராந்தகன் கல்வெட்டில் இருக்கிற உறவுமுறைப் பட்டியலை அப்படியே மந்திரி சபையாக்கின மாதிரி! 2023 நவம்பர் 14இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கோட்டாபய, மஹிந்த, பசில் உள்ளிட்டவர்கள் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு சொன்னது. தண்டனை? வழக்குப் போட்டவர்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் செலவுத்தொகை கொடுக்கணும். அவ்வளவே.

மறுநாள் ஹட்டனுக்குக் கோச்சி. நிக்க இடமில்லை. பஸ்ஸுக்கு டீசல் இல்லாததால் எல்லாரும் ரயிலில். ஹட்டனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அந்த ஆட்டோ அண்ணன் போனில் கியூ.ஆர். கோடு காட்டினார், வாரத்துக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல்தான். அந்த ஐந்து லிட்டரில் எங்களுக்காக எவ்வளவு செலவழிக்கப் போறோம்னு அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிஞ்சது.

லயத்தில் மாமா கட்டிலில் உக்காந்திருந்தார். அண்ணனும் தங்கச்சியும் பார்த்துக்கிட்டதை நான் எழுதப் போறதில்லை. மருந்து, பால் பவுடர், பருப்பு எல்லாத்தையும் எடுத்து வெச்சோம். மூலையில் ஏற்கனவே ஒரு அரிசிப் பை இருந்தது. தமிழ்நாட்டு மக்களின் அன்போடு என்கிற மாதிரி அச்சடித்த பை. மே 18ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியோடு கிளம்பின முதல் கப்பல் ஞாபகம் இருக்கா? மொத்தம் 40,000 டன் அனுப்புறதா அறிவிப்பு. அம்மா அந்தப் பையைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"கொழும்புல பொடியன்க எல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்க மருமகனே"ன்னார் மாமா. "ஆனா நமக்கு இது புதுசா? நாங்க எப்பவும் அரைவயிறுதான். இப்ப அவங்களுக்கும் வந்துருக்கு, அதான் சத்தம்." அவர் பேச்சில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. 2021 மேயில் ஒரே ராத்திரியில் ரசாயன உரம் இறக்குமதியைத் தடை பண்ணினார்கள். கொழுந்து விளைச்சல் விழுந்தது. விழுந்தால் தோட்டத்தில் வேலை நாள் குறையும். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று அந்த வருஷம்தான் பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு வந்திருந்தது. 2022 ஜூலையில் விலைவாசி ஏற்றம் 60 சதவீதத்தைத் தாண்டினபோது அந்த ஆயிரத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? மாமாவுக்குப் பிரஜாவுரிமை உண்டு, ஓட்டு உண்டு. நாடற்றவர்களாக மிச்சம் இருந்தவர்களுக்கும் 2003இல் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த லயத்து அறை அவருடையது இல்லை, தோட்டத்துக்குச் சொந்தம். கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்.

ஆகஸ்ட் 12 ராத்திரி ஊர் திரும்பினோம். 13ஆம் தேதி காலையில் எழுந்தால் தெரு முழுக்க மூவர்ணம்! "வீடுதோறும் தேசியக்கொடி" திட்டம், 13 முதல் 15 வரை. தபால் ஆபீசில் ஒரு கொடி 25 ரூபாய். அப்பா ஏற்கனவே வாங்கி மாடியில் கட்டிட்டார். அம்மா அதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போய்த் துணி துவைக்க ஆரம்பிச்சாங்க. எனக்குத்தான் தலை சுத்துச்சு. நேத்து ஒரு நாட்டில் கொடியைப் போர்த்திக்கிட்டுச் சொந்த அரசாங்கத்தைத் திட்டினாங்க. இன்னைக்கு இன்னொரு நாட்டில் அரசாங்கம் சொல்லி எல்லாரும் கொடி கட்டுறோம். எது அதிகமான தேசபக்தின்னு நான் தீர்ப்பு சொல்லலை. ரெண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவனுக்கு, கொடியை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுன்னு தெரிஞ்சது.

15ஆம் தேதி கிராம சபைக் கூட்டத்துக்குப் போனேன். பேண்டு வாத்தியம் மாதிரி ஏதாவது எதிர்பார்த்துப் போகாதீங்க, ஸ்கூல் மரத்தடியில் நாப்பது பேர். அதில் முக்கால்வாசி நூறு நாள் வேலைக்குப் போற அம்மாக்கள். வரவு செலவுக் கணக்கை ஒருத்தர் எக்ஸ்பிரஸ் வேகத்தில் வாசிச்சார். ஒரு பாட்டி மட்டும், "மெதுவா படி சாமி, தெரு லைட்டுக்கு எவ்ளோன்னு சொன்ன?"ன்னு நிறுத்தினாங்க. மூணு தடவை திரும்பப் படிக்க வெச்சாங்க. கைநாட்டுதான். கால் வேலி நிலம் கிடையாது, வேதம் தெரியாது, பொம்பளை வேற. பராந்தகன் பானைக்குள்ள அவங்க பேரு எந்த ஜென்மத்துலயும் போயிருக்காது. ஆனா அந்தக் கல்வெட்டோட ரெண்டாவது ஷரத்தை அன்னைக்கு அந்த மரத்தடியில காப்பாத்தினது அவங்கதான்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரம் அதில் இல்லை. மாவட்டத்தைப் பிரிச்ச வேலை, வார்டு வரையறைன்னு இழுத்து, எங்களுக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். ஐந்து வருஷம்! 360 நாளுக்கு ஒரு தடவை பானையைக் குலுக்கின கல்வெட்டு இருக்கிற மாவட்டத்தில், ஐந்து வருஷம் தனி அலுவலர்கள் கையில் பஞ்சாயத்து. அதே இடைவெளியில்தான், 2020 டிசம்பர் 10ஆம் தேதி, புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டின பிரதமர் மோடி உத்திரமேரூர் கல்வெட்டைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார். டீக்கடையில் எல்லாரும் கை தட்டினோம். அந்த நேரத்தில் எங்க ஊருக்குத் தலைவர் யாருன்னு கேட்டிருந்தா ஒருத்தருக்கும் பதில் தெரியாது.

2024 குடியரசு தினத்தில் டெல்லி ராஜபாதையில, இப்ப கடமைப் பாதையாம், தமிழ்நாட்டு அலங்கார ஊர்தியாகக் குடவோலை முறைதான் போச்சு. டி.வி.யில் எங்க கோயில், எங்க பானை. வீட்டில் எல்லாரும் எழுந்து நின்னே பார்த்தோம். அதே வருஷம் மார்ச் மாசத்தில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இலங்கை இல்லை. 1983க்கு அப்புறம் அகதியாக வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் அம்மா மாதிரியே மலையகத்துக்காரர்கள் உண்டு. கொள்ளுத்தாத்தா திருச்சியிலிருந்தோ சேலத்திலிருந்தோ போனவர்தான். அம்மா கப்பலில் வந்ததால் இந்தியப் பிரஜை. கலவரத்தில் படகேறி வந்தவர் அகதி. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்று சட்டம் சொல்கிறது. அதற்கப்புறம் முகாமில் பிறந்தது அகதியின் பிள்ளை, அகதி. அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார்... 1948 கொழும்பில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்டுக்கிட்டிருக்கோம். அம்மாகிட்ட இதைச் சொன்னப்போ, "எங்க அப்பாரு அந்த வருஷம் மனுவ மாத்தி எழுதியிருந்தா நானும் கும்மிடிப்பூண்டி முகாம்ல இருந்திருப்பேன்"ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மாமா இப்ப நல்லா இருக்கார். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்னு ஓட்டுப் போட்டுட்டு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். யாருக்குன்னு சொல்லலை, நானும் கேக்கலை. எங்க ஊர் ஊர்தியை முன்னமே அனுப்பியிருந்தேன், அதைப் பத்திப் பேச்சு வந்தது. பானையில பேரு போட என்ன தகுதின்னு விசாரிச்சார். சொன்னேன்.

"கால் வேலின்னா எத்தனை பேர்ச்சு தம்பி?"

ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கர் கிட்ட, ஏக்கருக்கு 160 பேர்ச். போன்லயே கணக்குப் போட்டுச் சொன்னேன், சுமார் 265 பேர்ச்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இந்தியாவுல கட்டிக் குடுத்த வூட்டுக்காரங்களுக்கு ஏழு பேர்ச்சு. அப்பறம் பத்துன்னாங்க. நமக்கு இன்னும் அதுவும் வரல. சரி விடு, உங்கம்மாகிட்ட குடு போன."